ராகு தசை பிடித்த கொம்பியூட்டர்

பூனாகலை
12.08.2003

அன்புள்ள கொழுந்தனார் வீரசிங்கத்துக்கு,

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வீட்டிலிருந்து உங்கள் அண்ணி வேலாயி எழுதுவது. இங்கே உங்கள் அண்ணனுக்கு முழங்கால் வலி, பசுவுக்குச் சளி, எனக்கு மட்டும் ஒரு நோயும் இல்லை. பதுளையில் உங்கள் உடம்பும், கடையில் வைத்திருக்கும் கொம்பியூட்டர் பெட்டியின் உடம்பும் எப்படி என்று எழுதவும். முதலில் உங்கள் உடம்பை எழுதவும். போன கடிதத்தில் பெட்டிக்கு ஒரு பக்கம், உங்களுக்கு ஒரு வரி.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், விஷயத்தைப் பார்த்துச் சிரிக்கவும்.

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து விஜிதா டீச்சரைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஆள் வந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு நகைக்கடையில் வேலையாம். அவர் சிரித்தால் கூட மெருகு போட்ட மாதிரி இருக்கும் என்று டீச்சரின் ஊர்க் கொஸ்லந்தைக்காரிகள் பேசிக்கொள்கிறார்கள்.

போன வருஷம் நான் உங்களுக்காக அந்தப் பேச்சை எடுத்தேன். "நேரம் சரியில்லை அண்ணி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஊருக்கெல்லாம் கொம்பியூட்டர் ஜாதகம் அச்சடித்துக் கொடுக்கிற மனுஷனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அந்தப் பிள்ளையும் சும்மா இல்லை. பயிற்சி வகுப்புக்குச் சனிக்கிழமை பதுளைக்கு வருகிறவள், இரண்டு பக்க வினாத்தாளை ஒரு சனிக்கிழமை ஒரு பக்கம், மறு சனிக்கிழமை மறு பக்கம் என்று உங்கள் கடைக்குக் கொண்டுவந்து டைப் அடிக்கக் கொடுக்கிறாள். இதன் அர்த்தம் எனக்கே விளங்குகிறது. உங்களுக்கு விளங்கவில்லையா, விளங்காத மாதிரி இருக்கிறீர்களா?

அண்ணன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். சொன்னார் என்றால் தலையை ஆட்டினார்.

உங்கள் பதிலுக்கும் உங்கள் தலையைக் காண்பதற்கும் காத்திருக்கும்
அண்ணி வேலாயி

---

பதுளை
30.08.2003

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வீரசிங்கம் எழுதுவது. முருகன் அருளால் நான் சுகம். அண்ணனின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன், பூசிக்கொள்ளச் சொல்லவும். பசு தேறிவிட்டதா?

கடையில் கொஞ்சம் சிக்கல். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதுக் கடை ஒன்று வந்திருக்கிறது. அங்கே ஜாதகம் கலரில் வருகிறது, மூலையில் பிள்ளையார் படம் வேறு. நானும் அந்தப் புது ஜாதக சீடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் பெட்டி எடுக்க மாட்டேன் என்கிறது. உள்ளே இருப்பது பழைய விண்டோஸ் 98. புதிய சீடிக்கு எக்ஸ்பி வேண்டுமாம். பக்கத்துக் கடையில் டிவி ரேடியோ திருத்தும் ஜௌபர் நானாவிடம் கேட்டேன். "தம்பி, இது செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலையில்ல. கூரையக் கழட்டி மாத்துற வேலை. தாங்குமான்னு முதல்ல செவுத்தப் பாக்கணும்" என்றார். மெமரி கூட்ட வேண்டும், ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டும் என்கிறார்.

எனக்கு மனமில்லை. பழகிய பெட்டி. இடி மின்னலுக்குப் பயந்து தினமும் கடை பூட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். காலையில் போட்டால் ஒரு தரம் கத்தி, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டி நிற்கும். கீபோர்டில் மேல் வரிசையில் ஒரு கட்டையை அழுத்தினால் வேலை தொடங்கும். அந்தக் கட்டைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருநாள் கூட அது என்னை ஏமாற்றியதில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன் காலைத் தொட்டு வணங்கும்
வீரசிங்கம்

பி.கு: டீச்சரின் வினாத்தாளில் நாலாம் கேள்வியில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. திருத்திவிட்டேன் என்று சொல்லவும். கொழும்புப் பேச்சு முடிவாகிவிட்டதா?

---

பூனாகலை
14.09.2003

பெட்டிக்குப் பொட்டு வைத்த கொழுந்தனாருக்கு,

அண்ணி வேலாயி. பசு தேறிவிட்டது. எண்ணெய் வந்தது, அண்ணன் பூசினார், இப்போது முழங்காலோடு சேர்த்து லயமே மணக்கிறது. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும். கடிதம் முழுக்கக் கூரையும் சுவரும் எழுதிவிட்டு, எழுத வேண்டியதைப் பின்குறிப்பில் ஒளித்து வைக்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறீர்கள்.

பேச்சு முடிவாகவில்லை. ஆனால் ஒரு சங்கதி தெரிந்துகொண்டேன். கோயிலில் விஜிதாவின் அம்மா இராக்கம்மாவைப் பார்த்தேன். "ஏங்கக்கா, எங்க வீட்டுப் பையனுக்கு என்ன கொற? கொழும்பு வரைக்கும் போகணுமா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவர் முகத்தை நீட்டிக்கொண்டு, "ஏன் வேலாயி, நாங்களா வேணாம்னோம்? போன வருஷம் ஒன் கொழுந்தன் தானே வந்து அவன் ஜாதகத் தாளக் கையில குடுத்துட்டுப் போனான். பொருத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அவனுக்கு ராகு தசை நடக்குதாம். முடிய நாலு வருஷம் கெடக்காம். அதுக்குள்ள கட்டுனா வர்ற பொஞ்சாதிக்கு ஆகாதுன்னு கொம்பியூட்டரே சொல்லிருச்சு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கு வாயடைத்தது கல்யாணத்தன்று ஒரு தடவை, இது இரண்டாவது தடவை.

ஐயா, தன் கல்யாணத்தைக் கெடுக்கிற தாளைத் தானே அச்சடித்து, பஸ் ஏறி வந்து, மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆளை இந்த ஊவா மாகாணத்தில் வேறெங்கும் காட்ட முடியாது. குருக்களிடம் போய் ஒரு தடவை கையால் கணித்துப் பாருங்கள் என்று கேட்டேன். "கொம்பியூட்டர் போட்டத நான் எதுக்கும்மா வெரல் விட்டு எண்ணணும்" என்று சொல்லிவிட்டார்.

உண்மையை எழுதுங்கள். அந்தப் பிள்ளையைப் பிடிக்குமா, பிடிக்காதா? ஒரு சொல் போதும்.

பதில் வருகிற வரை பேசிக்கொண்டே இருக்கும்
வேலாயி

---

பதுளை
20.10.2003

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். சின்னக் காய்ச்சல், இப்போது சுகம். உங்கள் எல்லோருக்கும் தீபாவளி நல்லபடியாக இருக்கட்டும். நான் வர முடியாது போலிருக்கிறது, கடையில் வேலை.

ஜௌபர் நானா பெட்டியைத் திறந்தார். உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, சாம்பிராணிக் கரி. "தம்பி, நீ இதுக்குப் பூச போட்டியா, சமச்சியா?" என்று கேட்டார். ஊதித் துடைத்து மெமரி போட்டாயிற்று. ஹார்ட் டிஸ்க் கண்டிக்குச் சொல்லியிருக்கிறது. அது வரும்வரை பழைய கூரையில்தான் ஓடுகிறது.

நீங்கள் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் எழுதத் தெரியவில்லை. எனக்கு ஒன்று வர வேண்டும் என்பதற்காக இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளைக்குத் தீங்கு வரக்கூடாது. தாளை மறைத்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளையாக நிற்க என்னால் ஆகாது. ஒருவேளை மாறியிருக்குமோ என்று போன வாரமும் என் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தேன். அதே ராகு தசைதான், முடிய இன்னும் நாலு வருஷம். இயந்திரத்துக்கு என் மேல் என்ன கோபம்? அது பொய் சொல்லாது.

டீச்சர் சனிக்கிழமைகளில் இப்போது வருவதில்லை. வகுப்பு முடிந்துவிட்டதா?

வீரசிங்கம்

---

பூனாகலை
02.11.2003

தீபாவளிக்குப் பலகாரம் தின்ன வராத கொழுந்தனாருக்கு,

காய்ச்சல் விட்டதற்கு அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். உங்கள் பங்கு முறுக்கை அண்ணன் தின்றுவிட்டு, முழங்கால் வலிக்கு நல்லது என்கிறார். மற்றபடி நாங்கள் சுகம்.

வகுப்பு முடியவில்லை. அவளை இராக்கம்மா உங்கள் கடைப் பக்கம் போகவிடாமல் ஒரு பஸ்ஸில் அனுப்பி மறு பஸ்ஸில் கூட்டி வருகிறார். தை பிறந்ததும் கொழும்பு மாப்பிள்ளைக்குப் பரிசம் போடுவதாகப் பேச்சு. முந்தாநாள் பள்ளிக்கூடத்து வாசலில் அவளைப் பார்த்தேன். "என்ன டீச்சர், கொழும்புக்குப் போனா எங்கள மறந்துருவீங்களா?" என்று கேட்டேன். "வேலாயி அக்கா, நான் போறேன்னு யாருகிட்டயும் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கப் போய்விட்டாள். பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில்தான் நின்றார்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் அழுகை வந்தது, இரண்டாம் தரம் கோபம், மூன்றாம் தரம் சிரிப்பு. ஏன் சிரித்தேன் தெரியுமா? இராக்கம்மாவுக்குத் தாள் கொடுத்தது போன வருஷம். அப்போதும் நாலு வருஷம் மிச்சம். இந்த வருஷமும் நாலு வருஷம் மிச்சமா? நாள் போனால் கடன்காரனே கொஞ்சம் கழித்துக்கொள்கிறான், உங்கள் ராகு கழிக்க மாட்டேன் என்கிறாரே. வாடகை இல்லாமல் குடியிருக்கிறாரோ? எழுப்பி விடுங்கள் ஐயா.

சிரித்துக்கொண்டே அழும்
வேலாயி

---

பதுளை
25.11.2003

அண்ணிக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்க் வந்தது. எக்ஸ்பி போட்டோம். ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன். முதல் தரம் பாதியில் கரண்ட் போயிற்று. இரண்டாம் தரம் "இன்னும் முப்பத்தொன்பது நிமிஷம்" என்று காட்டியது. ஜௌபர் நானா தொழுதுவிட்டு வந்தார், முப்பத்தொன்பது நிமிஷம். சாப்பிட்டுவிட்டு வந்தார், முப்பத்தொன்பது நிமிஷம். "இதுக்கு மணி பாக்கத் தெரியாது போல" என்றார். பிறகு திடீரென்று நகர்ந்து, ஒரு இடத்தில் நின்று இன்றைக்கு என்ன திகதி என்று எங்களிடம் கேட்டது. அதில் வேறு ஏதோ திகதி போட்டிருந்தது. நானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைத் திறந்தார். சுண்டுவிரல் நகம் போல ஒரு வட்டப் பட்டரியை நெம்பி எடுத்து, "தம்பி, இது மௌத்தாகி வருஷக் கணக்காச்சே. நீ பாக்கவே இல்லியா?" என்றார்.

புதுப் பட்டரி போட்டோம். நான் கலண்டரைப் பார்த்துச் சரியான திகதியைச் சொன்னேன்.

நேற்று வேலை எல்லாம் முடிந்தது. பெட்டி நன்றாக ஓடுகிறது. சோதனைக்காக ஒரு ஜாதகம் போட்டுப் பார்த்தேன்.

அண்ணி, ஒரு சந்தேகம். தை பிறந்து பரிசம் என்றீர்களே, தையில் எந்த நாள்? உடனே எழுதவும்.

வீரசிங்கம்

---

பூனாகலை
03.12.2003

கொழுந்தனாருக்கு,

எல்லோரும் சுகம், சுகம், சுகம். அதை விடுங்கள்.

யார் ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தீர்கள்? என்ன வந்தது? பட்டரி செத்தால் உங்களுக்கு ஏன் பரிசத்து நாள் வேண்டும்? தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் நின்றுகொண்டே உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கூடையில் இலைக்குப் பதிலாகக் குச்சியைப் போட்டுக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினேன். மாட்டின் வாலைக் காட்டிவிட்டு மாட்டை மறைக்கிற ஆள் நீங்கள்.

பரிசம் தைப்பூசம் கழித்து முதல் வெள்ளிக்கிழமை. கொழும்பிலிருந்து சேலை வந்துவிட்டதாம். இராக்கம்மா அதைப் பெட்டியில் வைத்துவிட்டு, தினமும் திறந்து திறந்து மூடுகிறார். விஜிதா ஒரு தடவையும் திறக்கவில்லை.

முழுசாக எழுதாவிட்டால் அடுத்த பஸ்ஸில் நானே வருவேன். வந்தால் உங்கள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எதையாவது அழுத்துவேன்.

வேலாயி

---

பதுளை
10.12.2003

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே.

இந்தக் கடிதத்தோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டும் என் ஜாதகம், இரண்டிலும் பிறந்த நாள் ஒன்றுதான். பழையதில் ராகு தசை, நாலு வருஷம் மிச்சம். புதியதில் குரு தசை. ராகு போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் புது சீடிதான் பிழை என்று நினைத்தேன். பழைய சீடியையும் புது எக்ஸ்பியில் ஏற்றிப் போட்டேன். அதுவும் குரு தசை என்றது. பிறகுதான் விளங்கியது. ஜாதகம் போடும்போது பிறந்த நாளை நான் அடித்துக் கொடுக்கிறேன். இன்றைய நாளை அது என்னிடம் கேட்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கிற பட்டரி செத்துக் கிடந்தது. நான் பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் பெட்டி 1998 ஜனவரி முதலாம் திகதிக்குத் திரும்பிப் போயிருக்கிறது. காலையில் அது கத்தியது அதைச் சொல்லத்தான். நான் அதன் வாய்க்குச் சந்தனம் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வராவிட்டால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டேன். கழிக்காத கடன்காரன் என்று எழுதினீர்களே, அதை ஜௌபர் நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார்.

இனி கடை விஷயம். என்னிடம் தாள் வாங்கிய எல்லோருக்கும் பிறப்புக் கட்டமும் பொருத்தமும் சரி, நடப்பு தசை மட்டும்தான் பிழையாக இருக்கும். 'பழைய தாளைக் கொண்டு வாருங்கள், புதுத் தாள் இலவசம்' என்று கடை வாசலில் பலகை வைத்துவிட்டேன். கடையை மூட வேண்டி வந்தாலும் வரட்டும்.

இன்னொன்று. கொழும்பு மாப்பிள்ளையின் ஜாதகமும் என் கடையில்தான் போட்டது. அவருடைய மாமா பதுளைக்காரர். அவருக்கும் புதுத் தாள் அடித்து அனுப்பிவிட்டேன். அவருக்கு நல்ல நேரம்தான் வந்திருக்கிறது.

இந்தத் தாள்களை என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் போய்க் கேட்கக் கால் வரவில்லை. கேட்டிருந்தீர்கள், ஒரு சொல் போதும் என்று. பிடிக்கும்.

வீரசிங்கம்

---

பூனாகலை
04.01.2004

குரு தசைக்காரருக்கு,

அண்ணன் சுகம், பசு கன்று போட்டிருக்கிறது, எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஏன் கட்டியது என்று கேளுங்கள்.

தாள்களை முந்தானையில் முடிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தைக்குப் போனேன். வழியெல்லாம் உங்களை ஏசிக்கொண்டு போனேன். அந்த நகைக்கடைக்காரனுக்கு இரண்டு சனியைத் தட்டிப் போட்டு அனுப்பியிருக்கக் கூடாதா? கையில் இருந்த கத்தியை எதிராளிக்கே சாணை பிடித்துக் கொடுக்கிற ஆளுக்குப் பொண்ணு கேட்டுப் போகிறேனே என்று நினைத்தேன்.

இராக்கம்மா இரண்டு தாளையும் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல ராகுங்குது, அதுல குருங்குது. மூணாவது தாள் அடிச்சா கேதுன்னு வருமா?" என்றார்.

"அக்கா, மொத தாள் அடிக்கிறப்ப பொட்டி தூக்கத்துல இருந்துச்சு. இப்ப முழிச்சிருச்சு."

"ஒரு பொட்டி தூங்குமாம், முழிக்குமாம். அது கெடக்கட்டும். கொழும்புக்காரருக்கும் புதுத் தாள் வந்துச்சாம், நேரம் ரொம்ப நல்லாருக்காம். அவங்க சேலை வேற வந்துருச்சு. ரெண்டு பேருக்கும் நல்ல நேரம்னா முந்துனவங்களுக்குத்தானே குடுக்கணும்?"

நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், தொண்டை அங்கேதான் போயிற்று. அப்போது விஜிதா தேத்தண்ணி கொண்டு வந்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா, கொழும்புக்காரருக்கு நேரம் நல்லாருக்குன்னு தாள் அடிச்சு அனுப்புனது யாரு?"

"பதுளைக் கடைதான். ஏன்?"

"அதான் கேக்குறேன். எந்தக் கடை? யாரோட கடை?"

இராக்கம்மா இரண்டு தாளையும் மடிக்கத் தொடங்கினார்.

"நான் வேற எடத்துக்குப் போயிருவேன்னு தெரிஞ்சே அனுப்பியிருக்காரு. அன்னைக்கும் அப்படித்தான், தனக்கே ஆகாத தாளக் கொண்டாந்து ஒங்க கையில குடுத்தாரு. எனக்கு இனி எந்தத் தாளும் பாக்க வேணாம்மா. ஆளப் பாத்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை என்னிடம் கொடுத்தாள். அம்மாவுக்குக் கொடுக்க மறந்துவிட்டாள். நான் இரண்டு கோப்பையையும் குடித்தேன்.

இராக்கம்மா மடித்த தாள்களை என் கையில் திருப்பிக் கொடுத்து, "சரி. ஆனா நான் பதுளைக்குப் போயி அந்தப் பொட்டியோட மணியக் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் சேலையத் திருப்பி அனுப்புவேன்" என்றார்.

ஆகவே பெட்டியைக் குளிப்பாட்டி வையுங்கள். நீங்களும் குளியுங்கள். உங்களை ஏசியதை வாபஸ் வாங்கிக்கொண்டேன். அந்தத் தாளை நீங்கள் அனுப்பாவிட்டால் நான் இன்னும் கொஸ்லந்தையில்தான் கத்திக்கொண்டிருப்பேன்.

தொண்டை போன
வேலாயி

---

பதுளை
08.02.2004

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தொண்டைக்கு மருந்து அனுப்பியிருந்தேன், குணமா? அண்ணனுக்கும் கன்றுக்குட்டிக்கும் என் அன்பு.

அத்தை வந்தார். அத்தை என்று எழுதும்போதே கை கூசுகிறது.

கையில் அவர் அண்ணன் மகனின் கைக்கடிகாரம், மடியில் அன்றைக்குக் கலண்டரில் கிழித்த தாள். கடைக்குள் வந்ததும் என்னைப் பார்க்கவில்லை. நேரே பெட்டிக்கு முன்னால் போய் நின்று, திரையின் மூலையில் இருந்த மணியைக் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். ஜௌபர் நானா ரேடியோவில் செய்தி நேரத்து மணியைப் போட்டுக் காட்டினார். திகதியைக் கலண்டர் தாளோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி. எனக்கு மூச்சு வந்தது.

"பிளக்கப் புடுங்கு" என்றார்.

நானும் நானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"புடுங்குன்னா புடுங்கு. ராத்திரி புடுங்குனாத்தானே அதுக்கு மறதி வருது? இப்பப் புடுங்கிட்டுத் திருப்பிப் போடு."

பிடுங்கினேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் அப்படியே வைக்கச் சொன்னார். கடை வாசலில் புதுத் தாள் வாங்க வந்த கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பப் போட்டேன். கத்தவில்லை, நிற்கவில்லை, எக்ஸ்பியின் பச்சை மலையும் நீல வானமும் வந்தன. மூலையில் மணி, கைக்கடிகாரத்தில் இருந்த அதே மணி.

"உம்மா, பாஸா பெயிலா?" என்று நானா கேட்டார்.

"பாஸு" என்றார் அத்தை. வாசலில் நின்ற கூட்டம் கை தட்டியது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. அப்போதுதான் அத்தை என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி முழிச்சிக்கிட்டு நிக்கிற? ஒக்காந்து நாளப் பாரு" என்றார்.

வைகாசியில் நல்ல முகூர்த்தம் வந்திருக்கிறது, காலையில். கொஸ்லந்தைக் கோயிலில். சேலை கொழும்புக்குத் திரும்பிப் போயிற்று. அவர்களும் மரியாதையாகவே வாங்கிக்கொண்டார்களாம்.

பலகை வைத்ததால் கடை மூட வேண்டி வரும் என்று பயந்தேன். ஏசினவர் ஒருவர் இருவர்தான். மற்றவர்கள் புதுத் தாள் வாங்க வரும்போது கூடவே சொந்தக்காரரையும் அழைத்து வருகிறார்கள். பிழையைத் தானே சொல்லுகிற கடை என்று பேராகிவிட்டது.

என் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நிற்க வேண்டிய அண்ணிக்கு,
வீரசிங்கம்

---

பூனாகலை
15.06.2004

புது மாப்பிள்ளைக்கு,

பொண்ணும் மாப்பிள்ளையும் பதுளையில் சுகமாகக் குடித்தனம் தொடங்கியிருப்பீர்கள். இங்கே கல்யாணச் சாப்பாட்டின் மயக்கம் உங்கள் அண்ணனுக்கு இன்னும் தெளியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வயிறு ஊதிவிடும்.

அன்றைக்கு மாப்பிள்ளை வேன் பெரகல வளைவில் கொழுந்து லொறிக்குப் பின்னால் பனிமூட்டத்தில் மாட்டிக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் அண்ணனும் அங்கே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சீர்த்தட்டோடு கோயில் மண்டபத்தில். குருக்கள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார். "முகூர்த்தம் முடியப் போகுதும்மா. முடிஞ்சா நான் தாலி எடுத்துக் குடுக்க மாட்டேன். வேற நாள் பாக்கணும்" என்கிறார். சொல்லிவிட்டு ஆற்றாமையில் வாசலுக்கே போய் நின்றுகொண்டார். 

திரும்பிப் பார்த்தால் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் பட்டுச்சேலை. பட்டுச்சேலைக்குள் உங்கள் மாமியார். பதுளைக்கு வந்து பெட்டியின் மணியை ரேடியோவோடு ஒத்துப் பார்த்த அதே இராக்கம்மா, மணிக்கூட்டின் முள்ளை விரலால் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்துக்குக் குறையாது. என்னைக் கண்டதும், "என்ன பாக்குற? ஸ்டூலப் புடி, ஆடுது" என்றார்.

பிடித்தேன்.

நீங்கள் ஓடி வந்தீர்கள். குருக்கள் உள்ளே வந்து மணியைப் பார்த்து, "அடேயப்பா, இன்னும் நேரம் இருக்கே. நான்தான் பதறிட்டேன்" என்றார். கெட்டிமேளம் கொட்டியது. முடிச்சு மூன்றும் சரியாக விழுந்ததை நான் பார்த்தேன்.

இதை விஜிதாவிடம் சொல்ல வேண்டாம். அம்மாவைப் பற்றி அவள் ஏதாவது நினைத்துக்கொள்வாள்.

ரகசியம் காக்கத் தெரியாத உங்கள்
வேலாயி

---

பதுளை
27.06.2004

அன்புள்ள வேலாயி அக்காவுக்கு,

விஜிதா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். மாமாவின் மயக்கம் தெளிந்ததா? கன்றுக்குட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் பூனாகலைப் பள்ளிக்கூடத்திலிருந்து பதுளைக்கு மாற்றம் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை. படித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார், திறந்தார், மறுபடி பூட்டினார். சாப்பிடும்போது சம்பந்தமில்லாமல், "நம்ம முகூர்த்தம் சரியான நேரத்துலதானே நடந்துச்சு?" என்று கேட்டார். அப்புறம் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். நான் எடுத்துப் படித்தேன்.

அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் நினைக்க மாட்டேன், பயப்படாதீர்கள். பாவம், அவருக்கு அவ்வளவு துணிச்சல் எங்கே? மணவறையில் உட்கார்ந்துகொண்டு, குருக்கள் வாசலுக்குப் போனதும் அம்மாவுக்கு மணிக்கூட்டைக் கண்ணால் காட்டியது நான்தான்.

ஸ்டூலைப் பிடித்ததற்கு நன்றி அக்கா.

உங்கள்
விஜிதா வீரசிங்கம்